உண்மை கூறும் துளை

பெரிய பொருள்களின் வாழ்வு பலவேளைகளில் சிறிய பொருள்களைச் சார்ந்தே நிற்கிறது. ஏரி பரந்தது, அதன் மதகுப் பலகை சிறியது. ஆயினும், பலகை உளுத்துப்போயின் ஏரியில் நீர் நில்லாது. மரக்கலம் பெரியது, அதன் அடிப்பலகையில் அறைந்த ஆணி சிறியது. ஆயினும், ஆணி துருவேறி உதிர்ந்தால் மரக்கலம் கரைசேராது.

மோட்டார் சைக்கிளின் இயந்திரத்துள் அமைந்த சிறு வளையம் ஒன்றும் இவ்வுண்மையை நன்கு விளக்கும். உள்ளங்கையில் வைத்து மூடினால் மறைந்துவிடும் அவ்வளையத்தைத் தொழிலாளர் ‘சீல்’ என்று வழங்குவர். நீர் ஓடும் இடத்தையும் எண்ணெய் ஓடும் இடத்தையும் பிரித்துக் காப்பது அதன் கடமை. அது கடமையில் வழுவும்போது என்ன நேர்கிறது, அவ்வழுவை இயந்திரம் எவ்வாறு அறிவிக்கிறது, அவ்வறிவிப்பைக் கண்ட மனிதன் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பன எண்ணிப் பார்க்கத்தக்கவை.

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் எழும் வெப்பம் மிகப் பெரிது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் கடந்து செல்லும். அவ்வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாக மாறுகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதி உலோகத்தில் தங்குகிறது. தங்கிய வெப்பத்தை அகற்றாவிடின் எண்ணெய் தன் வழவழப்பை இழக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பற்றிக்கொள்ளும். ஆதலால், வெப்பத்தைத் தணித்தல் இயந்திரம் செய்வோருக்கு முதற்கவலை ஆயிற்று.

பழைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் காற்றினாலேயே குளிர்ந்தன. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த உலோகத் தகடுகளில் எதிர்க்காற்று மோதி வெப்பத்தை வாரிச் செல்லும். நீரின் துணையால் குளிர்விக்கும் முறையும் புதியதன்று. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஆல்பிரட் ஆங்கஸ் ஸ்காட் என்பார் 1908-ஆம் ஆண்டிலேயே அம்முறையைத் தம் வண்டியில் கையாண்டார். அதில் பம்பு இல்லை. சூடேறிய நீர் இலேசாகி மேலே எழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். அவ்வியற்கை ஓட்டமே நீரைச் சுற்றிவரச் செய்தது.

இயந்திரங்களின் ஆற்றல் பெருகப் பெருக, அவ்வோட்டம் போதாதாயிற்று. நீரை விசையோடு தள்ளுதற்குப் பம்பு வேண்டியதாயிற்று. ஜப்பானில் 1971-இல் வெளிவந்த சுசுகி ஜிடி 750, 1974-இல் அறிமுகமான ஹோண்டா கோல்டு விங் ஆகியன நீர்ப் பம்பு பூண்ட புகழ்பெற்ற வண்டிகள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1983-இல் கே 100 என்னும் வண்டியை வெளியிட்டது. அது பெர்லின் நகரின் ஸ்பாண்டாவ் பகுதியிலுள்ள தொழிற்சாலையில் உருவாயிற்று. அதன் கொள்ளளவு 987 கன சென்டிமீட்டர். ஆற்றல் 90 குதிரைத்திறன். அதன் நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நில்லாமல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. நீள்சதுரமான அவ்வியந்திரத்தைக் கண்டோர் அதனைப் ‘பறக்கும் செங்கல்’ என்று வேடிக்கையாக அழைத்தனர். செம்மையாகப் பேணப்பட்ட அவ்வண்டிகள் பல இன்றும் சாலைகளில் ஓடுகின்றன.

அவ்வியந்திரத்தின் முன்புறத்தில் ஓர் உலோக உறை உண்டு. அவ்வோர் உறையினுள்ளேயே இரண்டு பம்புகள் பணிபுரிகின்றன. ஒரே தண்டின் பின்முனை எண்ணெயைத் தள்ளும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. முன்முனை நீரைத் தள்ளும் விசிறியைச் சுழற்றுகிறது. ஒரு சுவரின் இருபுறத்தும் வாழும் அண்டை வீட்டாரைப்போல, நீரும் எண்ணெயும் அங்கே அருகருகே வாழ்கின்றன. எனினும், அவை ஒன்றோடொன்று கலத்தல் கூடாது. கலந்தால் இரண்டும் கெடும்.

கலவாமற் காத்தற்கு அங்கே இரண்டு காவலர் உளர். எண்ணெய்ப் புறத்தில் ஒரு சீல். நீர்ப்புறத்தில் ஒரு சீல். எண்ணெய்ப்புறச் சீல் ரப்பராலானது. அதன் மெல்லிய உதடு தண்டினை மென்மையாகத் தழுவி நிற்கும். நீர்ப்புறச் சீலின் அமைப்பு வேறு. அதில் வழவழப்பான இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று தண்டோடு சுழலும். ஒரு சுருள்வில் அவ்விரண்டையும் எப்பொழுதும் சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு மெல்லிய நீர்ப்படலமே அம்முகங்களிடையே நிலவும். அப்படலமே அவற்றைத் தேயாமற் காக்கிறது. நீரின்றிச் சிறிது நேரம் சுழன்றாலும் அம்முகங்கள் கீறுண்டு கெடும்.

இவ்விரு காவலருக்கும் நடுவே ஒரு சிறிய வெற்றிடம் உண்டு. அவ்வெற்றிடத்தின் அடியில், வெளியே திறக்கும் ஒரு துளை உண்டு. பம்பை அமைத்தவர்கள் அதனை வேண்டுமென்றே இட்டுள்ளனர். அத்துளை நீரையும் தள்ளுவதில்லை, எண்ணெயையும் தள்ளுவதில்லை. சீல்கள் இரண்டும் நன்றாக இருக்கும் வரையில் அதற்கு வேலையே இல்லை. நீர்ப்புறச் சீல் தளர்ந்தால் அத்துளை வழியே நீர் சொட்டும். எண்ணெய்ப்புறச் சீல் தளர்ந்தால் அதன் வழியே எண்ணெய் சொட்டும். இவ்வாறு, உள்ளே மறைந்திருக்கும் குறையை வெளியே அறிவிப்பது அத்துளையின் தொழில்.

பெர்லின் நகரத்துப் பணிமனை ஒன்றில் முதிய தொழிலாசான் ஒருவர் இருந்தார். ஜெர்மானியர் தொழிலில் தேர்ந்து, அதற்குரிய தேர்விலும் வென்றவரை ‘மைஸ்டர்’ என்பர். ஆசான் என்பது அதன் பொருள். அவரிடம் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தொழில் பயின்றுவந்தான். அந்நாட்டில் தொழில் கற்போர் சில நாள் பள்ளியிலும் மற்றை நாள் பணிமனையிலும் பயில்வது நெடுநாளைய வழக்கம். இளைஞன் சுறுசுறுப்புடையவன், கைத்திறனும் வாய்ந்தவன். விரைந்து முடித்தலே திறமை என்னும் எண்ணம் மட்டும் அவன் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது.

ஒருநாள், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர் தம் பழைய கே 100 வண்டியைப் பணிமனையில் விட்டுச் சென்றார். மறுநாள் விடியலில் அவர் மியூனிக் நகருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அங்கே அவருடைய தமக்கையாருக்கு எழுபதாவது பிறந்தநாள் விழா. ஏறத்தாழ 600 கிலோமீட்டர்ப் பயணம். “பிரேக்கை மட்டும் பார்த்து வையுங்கள்” என்று அவர் சொல்லிச் சென்றார். ஆசான் வேறொரு பணியாக வெளியே சென்றிருந்தமையால், இளைஞனே அவ்வேலையை மேற்கொண்டான்.

பிரேக்கைச் செப்பம் செய்து முடித்தபோது, வண்டியின் அடியில் பச்சை நிறத் துளிகள் சில விழுந்திருத்தலை அவன் கண்டான். குனிந்து பார்த்தான். பம்பின் கீழுள்ள துளையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீர்ப்புறச் சீல் தேய்ந்துவிட்டது என்பதை அவன் உடனே அறிந்துகொண்டான். அதனை மாற்ற வேண்டுமாயின் நீரையும் எண்ணெயையும் வடிக்க வேண்டும். பம்பைக் கழற்ற வேண்டும். புதிய சீல்களை வரவழைக்க வேண்டும். இரண்டு நாளாவது செல்லும். உரியவரோ விடியலில் வந்து நிற்பார். “சொட்டுச் சொட்டாகத்தானே விழுகிறது!” என்று அவன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். உலோகத்தை ஒட்டும் பசையை எடுத்தான், துளையை அடைத்தான். பசை உலர்ந்தபின் வண்டியை ஒரு மணி நேரம் நகரத்துள் ஓட்டிப் பார்த்தான். திரும்பிவந்து அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தான். தாளில் ஒரு துளியும் விழவில்லை. அவன் மகிழ்ந்தான்.

மாலையில் ஆசான் வந்தார். முடிந்த வேலைகளைப் பார்வையிடுவது அவர் வழக்கம். வண்டியின் அடியில் தாள் விரித்திருப்பதைக் கண்டு அவர் குனிந்தார். பம்பின் அடியை விரலால் தடவினார். துளை இருக்கவேண்டிய இடம் மழுங்கியிருந்தது.

“இங்கிருந்த துளை எங்கே?” என்று கேட்டார்.

“ஆசானே, அதிலிருந்து சிறிது நீர் சொட்டியது. அடைத்துவிட்டேன். இப்பொழுது கசிவு நின்றுவிட்டது” என்றான் இளைஞன்.

“நின்றது கசிவா? கசிவு பற்றிய செய்தியா?” என்றார் ஆசான்.

இளைஞன் விடை கூறாது நின்றான். ஆசான் சினந்து பேசவில்லை. “இயந்திரம் இப்பொழுது சூடாயிருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். ஆதலால் இன்றிரவு வண்டியில் செய்யத்தக்கது ஒன்றும் இல்லை. ஆனால், நீ செய்யத்தக்கது ஒன்று உண்டு. வண்டிக்கு உரியவரை அழைத்து, நிகழ்ந்ததைக் கூறு” என்றார்.

பம்பை மாற்றுவதைவிட அப்பணி இளைஞனுக்குக் கடினமாக இருந்தது. தொலைபேசியை எடுத்து வைத்தான், மீண்டும் எடுத்தான். இறுதியில், சீல் தேய்ந்ததையும், தான் துளையை அடைத்ததையும், வண்டியை இரண்டு நாளைக்குத் தர இயலாமையையும் ஒளிக்காமல் சொன்னான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “நான் ரயிலில் போய்வருகிறேன். வண்டியை நன்றாகச் செய்து வையுங்கள்” என்று முதியவர் கூறினார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது; சினம் இல்லை.

மறுநாட் காலை, இயந்திரம் முற்றும் குளிர்ந்த பின் வேலை தொடங்கிற்று. முதலில் குளிர்நீரை ஓர் அகன்ற பாத்திரத்தில் வடித்தனர். அது வெறும் நீரன்று. உறைதலையும் துருவையும் தடுக்கும் மருந்து கலந்த நீர். அதன் சுவை இனிப்பானது. ஆனால், அது கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை நக்கும் நாயும் பூனையும் மடிதல் உண்டு. ஆகவே, ஆசான் ஒரு துளியும் சிந்தாமல் அதனை மூடி வைக்கச் செய்தார். பின்னர் எண்ணெயையும் வடித்தனர்.

பம்பின் மூடியில் பல போல்ட்டுகள் இருந்தன. அவை எல்லாம் ஒரே நீளமுடையன அல்ல. ஓர் அட்டையில் பம்பின் உருவை வரைந்து, எந்தப் போல்ட்டு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் அதனைக் குத்தி வைக்குமாறு ஆசான் பணித்தார். நீண்ட போல்ட்டைக் குறுகிய துளையில் முடுக்கினால் உலோகம் பிளந்துவிடும் அன்றோ? மூடி விலகியதும் விசிறி தெரிந்தது. இளைஞன் திருப்புளியால் அதனை நெம்ப முற்பட்டான். ஆசான் அவன் கையைப் பற்றினார். “உறை அலுமினியம். நெம்பினால் உடையும். இழுகருவியைக் கொண்டு நேராக இழு” என்றார்.

விசிறி வந்தது, நீர்ப்புறச் சீல் வெளிப்பட்டது. கண்ணாடிபோல் விளங்கவேண்டிய அதன் முகத்தில் வட்டமாகக் கீறல்கள் ஓடியிருந்தன. சீல் இவ்வாறு கெடுதற்குக் காரணங்கள் பல உண்டு என ஆசான் விளக்கினார். உப்பு மிகுந்த நீரை ஊற்றினால் உப்புப் படிந்து முகத்தைச் சுரண்டும். மருந்து நீரை உரிய காலத்தில் மாற்றாவிடின் அதன் காக்கும் ஆற்றல் ஒழிந்துவிடும். வண்டியை நெடுங்காலம் ஓட்டாது நிறுத்தினால் இரு முகங்களும் ஒட்டிக்கொண்டு, மீண்டும் சுழலும்போது பிய்ந்துபோகும். முதுமையால் ரப்பர் இறுகுதலும் இயல்பே.

பின்னர், பழைய சீலைப் பெயர்த்தெடுத்தனர். இரு சீல்களுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தை இளைஞன் அப்பொழுதுதான் கண்டான். துளை அடைபட்டமையால் வெளியேற வழியில்லாத நீர் அங்கே நிறைந்து நின்றது. அதற்கப்பால் எண்ணெய்ப்புறச் சீலின் உதட்டைச் சுற்றிப் பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஒரு பிசுக்குப் படிந்திருந்தது. வெளியேற முடியாத நீர் உள்ளே புகத் தொடங்கிவிட்டதற்கு அதுவே சான்று.

இளைஞன் அதனை விரலில் தொட்டு நெடுநேரம் பார்த்தான். “ஒரு மணி நேர ஓட்டத்தில் இவ்வளவு நேர்ந்திருக்கிறது. மியூனிக்கிற்கு ஆறு மணி நேரம்” என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆசானும் ஒன்றும் சேர்க்கவில்லை. நீர் கலந்த எண்ணெய் உலோகப் பரப்புகளைத் தாங்கும் வலிமையை இழக்கும், பேரிங்குகள் தேயும், விரைந்து செல்லும் நெடுஞ்சாலையில் இயந்திரம் இறுகி நின்றால், கெடுவது வண்டி மட்டும் அன்று. இவற்றையெல்லாம் அந்தப் பிசுக்கே அவனுக்குக் கற்பித்துவிட்டது.

புதிய சீல்கள் வந்ததும் பொருத்தும் வேலை தொடங்கிற்று. முதலில் தண்டினைத் துடைத்து, நகத்தால் அதன்மீது வருடிப் பார்த்தனர். நகம் தடுக்குமாறு பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலும் அங்கே நீரைத் தடுக்காது. தண்டையே மாற்ற நேரும். நல்லவேளையாகத் தண்டு வழவழப்பாகவே இருந்தது. சீல் அமரும் குழியையும் அழுக்கின்றித் துடைத்தனர். துளையை அடைத்த பசையை மரக்குச்சியால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்து, அவ்வழியே காற்றை ஊதினர். வழி திறந்திருத்தலை இளைஞன் இருமுறை உறுதிசெய்தான்.

எண்ணெய்ப்புறச் சீலின் உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, உதடு எண்ணெய்ப் பக்கம் நோக்குமாறு அதனை வைத்தனர். சீலின் விளிம்பளவே உள்ள குழாயை அதன்மீது வைத்து, சாயாமல் மெல்ல மெல்லத் தட்டி இறக்கினர். சிறிது சாய்ந்தாலும் சீல் கோணும். கோணிய சீல் விரைவில் கசியும். நீர்ப்புறச் சீலின் முகத்தை விரலால் தொடுதல் ஆகாது. விரலின் பிசுக்கும் சிறு தூசியும் அதற்குப் பகை. தூய துணியால் பிடித்தே அதனைப் பொருத்தினர். பிறகு விசிறியை மாட்டிக் கையால் சுழற்றினர். எங்கும் உராயாமல் அது எளிதிற் சுழன்றது. அட்டையில் இருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தை அடைந்தன. அவற்றை ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினர்.

புதிய எண்ணெயும், அதன் வடிகட்டியும், காய்ச்சி வடித்த நீரிற் கலந்த புதிய மருந்தும் இயந்திரத்துள் சென்றன. உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்வரை இயந்திரத்தை நிதானமாக ஓட்டினர். பின்பு, இளைஞன் தானே வண்டியை வெளியே ஓட்டிச் சென்று திரும்பினான். அடியில் வெள்ளைத் தாளை விரித்தான். இரவு முழுதும் அத்தாள் அங்கேயே கிடந்தது. விடியலில் வந்து பார்த்தபோது அது உலர்ந்திருந்தது. முதல்நாள் கண்ட தாளும் உலர்ந்ததே, இத்தாளும் உலர்ந்ததே. இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை இப்பொழுது அவன் அறிந்திருந்தான்.

ஊரிலிருந்து திரும்பிய முதியவர் வண்டியைப் பெற வந்தார். இளைஞன் பழைய சீலை அவர் கையில் கொடுத்துக் கீறல்களைக் காட்டினான். துளையைக் காட்டி, “இங்கே ஒரு துளி கண்டாலும் எங்களிடம் கொண்டுவாருங்கள். இதனை அடைக்க எவரையும் விடாதீர்கள்” என்றான். முதியவர் புன்னகைத்தார். “அடைத்தது நீ என்று எனக்குச் சொன்னவனும் நீயே. இனி இவ்வண்டியை உன்னிடமே விடுவேன்” என்று கூறிப் புறப்பட்டார்.

இத்தகைய துளைகள் மோட்டார் சைக்கிளில் மட்டும் அமைந்தன அல்ல. மலைச்சாலை ஓரங்களில் எழுப்பிய தடுப்புச்சுவர்களிலும் வரிசையாகத் துளைகள் விட்டிருத்தலைக் காணலாம். மண்ணில் ஊறிய மழைநீர் அவற்றின் வழியே வெளியேறும். ‘சுவரை அழகு கெடுக்கின்றன’ என்று எவரேனும் அவற்றை அடைப்பாராயின், பின்னே தேங்கும் நீரின் அழுத்தம் பெருகிச் சுவரையே சாய்த்துவிடும். உடலில் தோன்றும் வலியும் காய்ச்சலும் அவ்வாறே உள்ளிருக்கும் நோயை அறிவிக்கின்றன. நோயை ஆராயாமல் வலியை மட்டும் மறைப்போர் பின்னர் வருந்துவர்.

மனித வாழ்விலும் இத்துளை உண்டு. தவறு செய்தபோது உறுத்தும் நெஞ்சம் ஒரு துளை. பிழையைத் திருத்தும் ஆசிரியர் மற்றொரு துளை. முகத்துக்கு எதிரே குறை கூறும் நண்பர் இன்னொரு துளை. இவை வெளிப்படுத்தும் செய்தி இனிமையாக இராது. அதனால், நெஞ்சின் குரலை அடக்கவும், ஆசிரியரை வெறுக்கவும், நண்பரை விலக்கவும் மனம் விழைகிறது. அடக்கி விலக்கியபின் வாழ்வு சிலநாள் அமைதியாகத் தோன்றும். தாள் உலர்ந்தே இருக்கும். ஆனால், வெளியேற வழியற்ற குறை உள்ளே புகுந்து, நல்லனவற்றோடு கலந்து அவற்றையும் கெடுத்துவிடும்.

குறை தோன்றுதல் இயல்பு. எவ்வளவு சிறந்த சீலும் ஒருநாள் தேயும். அதற்காக நாணவேண்டுவதில்லை. தேய்ந்ததை மறைத்தலே நாணத்தக்கது. சொட்டும் துளியைக் கண்டவுடன் துளையை அடைக்க விரையும் கையைத் தடுத்து, உள்ளே தேய்ந்தது யாதென்று ஆராய்ந்து, காலம் செலவாயினும் அதனை மாற்றுபவனே தொழிலில் தேர்ந்தவன், வாழ்விலும் தேர்ந்தவன்.